வாடகை வீட்டில் முயலைத் திறந்துவிட்டு வளர்க்க: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

முயல் வளர்ப்பு என்று தேடினால் தமிழில் கிடைப்பது பெரும்பாலும் கறிக்காகப் பண்ணை வைப்பவர்களுக்கான குறிப்புகள். எந்த இனம் சீக்கிரம் எடை போடும், ஈற்றுக்கு எத்தனை குட்டி, கிலோ என்ன விலை போகும் என்பதோடு முடிந்துவிடும். ஆங்கிலத்தில் இருப்பது குளிர்நாட்டு வீடுகளுக்கு எழுதியது. அங்கே கம்பளத் தரை, பை பையாகக் காய்ந்த புல், முயலுக்கென்றே பழகிய டாக்டர். இங்கே கிரானைட் தரை, ஏப்ரல் மே வெயில், மாதம் ஒருநாள் முழுநேரக் கரண்ட் கட். கால்நடை மருத்துவமனைக்குப் போனால் வரிசையில் நிற்பது மாடும் ஆடும். இந்த இரண்டு விதக் குறிப்புகளுக்கும் நடுவில் அலைந்து, கேட்டு, செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் இருப்பது தருமபுரியில். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் எது மாறும் என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

இதில் வரிசைதான் முக்கியம். டாக்டர் முதலில், வீட்டுக்காரர் சம்மதம் இரண்டாவது, அறையைத் தயார் செய்வது மூன்றாவது, முயல் கடைசி. குட்டியைப் பார்த்ததும் பிடித்துப்போய் கையோடு தூக்கி வந்துவிட்டால் மற்ற மூன்றையும் அவசரத்தில் செய்ய வேண்டியிருக்கும். அந்த அவசரத்தில் கஷ்டப்படுவது முயல்தான்.

1. டாக்டரைக் கண்டுபிடித்த பிறகே குட்டி

முயலின் உடம்பு நாய், பூனை உடம்பு மாதிரி இல்லை. அதற்கு வாந்தி எடுக்க முடியாது. குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரைநாள் நின்றுபோனாலே உயிருக்கு ஆபத்து. நாய்க்குச் சாதாரணமாகக் கொடுக்கும் சில மருந்துகள் முயலைக் கொன்றுவிடும். அதனால் வாங்கும் முன்பே அரசு கால்நடை மருத்துவமனைக்கு ஒருமுறை காலை நேரத்தில் போய், "சார், முயல் பார்ப்பீங்களா? யார் பார்ப்பாங்க?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். பார்ப்பதில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்வார்கள், யாரிடம் போகலாம் என்றும் சொல்வார்கள். தனியார் கிளினிக்குகளுக்கு போன் போட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: முயலுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்ததுண்டா? ஆபரேஷனுக்கு முன் முயலைப் பட்டினி போட வேண்டுமா? இரண்டாவது கேள்விக்கு "ஆமா, ராத்திரியிலிருந்து எதுவும் கொடுக்காதீங்க" என்று பதில் வந்தால் வேறு இடம் தேடுங்கள். முயலைப் பட்டினி போடக் கூடாது.

பெரிய சிக்கல் என்றால் போகக்கூடிய இடங்கள் இரண்டு: நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, பெங்களூரு ஹெப்பால் கால்நடைக் கல்லூரி. ஓசூரில் இருப்பவர்களுக்குப் பெங்களூரு பக்கம். கிளினிக்குகளும் அங்கே நிறைய. தருமபுரியிலிருந்து நாமக்கல் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. அங்கே ஒரு லாரி கவிழ்ந்தால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கோடையில் இந்தப் பயணத்தை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். முயல் போகும் பெட்டிக்குள் உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றைத் துணி சுற்றி வையுங்கள். 1962க்கு அழைத்தால் வரும் நடமாடும் மருத்துவ வண்டி கால்நடை வளர்ப்பவர்களுக்காக ஓடுவது, அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

2. வீட்டுக்காரர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்

வாய்ச்சொல் போதாது. பெரும்பாலான வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்குப் போடுவது. புதுப்பிக்கும்போது "வீட்டில் ஒரு முயல் வளர்க்க உரிமையாளர் சம்மதிக்கிறார், அதனால் கதவு, நிலை, வயரிங்கிற்கு ஏற்படும் சேதத்தை வாடகைதாரர் சரிசெய்து தருவார்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்துக்கு நடுவில் முயல் வாங்குவதாக இருந்தால் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். அதோடு கதவு நிலை, அலமாரிக் கீழ்ப்பக்கம், ஸ்விட்ச் போர்டு எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் என்று பேச்சு வந்தால் அதுதான் உதவும்.

எங்கள் வீட்டுக்கார அம்மாவின் கவலை வேறு. "முயலா? நாத்தம் அடிக்குமே கண்ணு, கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க" என்றார். "இல்லைங்கம்மா, ஒரே தொட்டியிலதான் போகும், தினமும் கொட்டிடுவேன். ஒரு மாசம் கழிச்சு நீங்களே வந்து பாருங்க" என்று சொன்னதும் சரி என்றுவிட்டார். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் பயப்படுவது இந்த நாற்றத்துக்குத்தான். அதை முதலிலேயே நீங்களே எடுத்துப் பேசிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

3. குட்டி வாங்கும்போது மாட்டிக்கொள்ளாதீர்கள்

வாங்குவது அறையைத் தயார் செய்த பிறகுதான். ஆனால் கடையில் ஏமாறாமல் இருக்கத் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலில் சட்டம். நம் இரண்டு மாவட்டங்களிலும் காடு பக்கத்திலேயே இருப்பதால் "காட்டு முயல் குட்டி கிடைச்சுது" என்று யாராவது கொண்டுவந்து நீட்டுவார்கள். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பது, விற்பது, வளர்ப்பது எல்லாமே குற்றம். பழுப்பு உடல், நீளமான கால், பிடரியில் கருப்பு இருந்தால் அது காட்டு முயல், தொடாதீர்கள். வெள்ளை, சாம்பல், கருப்பு வெள்ளை என்று இருக்கும் வீட்டு முயலுக்கு வனத்துறை அனுமதி எதுவும் வேண்டாம்.

அப்புறம் வயது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை வாங்க வேண்டாம். தாயை விட்டுச் சீக்கிரம் பிரித்த குட்டி புது இடத்துக்கு வந்ததும் கழிச்சல் கண்டு செத்துப்போவது சாதாரணமாக நடக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் குட்டிதான் அழகாக இருக்கும், விற்பவரும் அதைத்தான் எடுத்து நீட்டுவார். போச்சம்பள்ளி மாதிரி வாரச்சந்தையில் கோழிக்கூடைக்குப் பக்கத்தில் வைத்து விற்றாலும் சரி, டவுனில் கண்ணாடிக் கூண்டில் வைத்து விற்றாலும் சரி, வயதைக் கேளுங்கள்.

"இது இவ்வளவுதான் சார் வளரும்" என்பதை நம்பாதீர்கள். எனக்கும் ஒரு கடையில் இப்படித்தான் சொன்னார்கள். நம் பக்கம் பெரும்பாலும் கிடைப்பது நியூசிலாந்து ஒயிட், சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயண்ட் போன்ற கறி இனங்களும் அவற்றின் கலப்பும்தான். வளர்ந்தால் 4 கிலோ சாதாரணமாக வரும். இதைத் தெரிந்துகொண்டு இடத்தைத் திட்டமிடுங்கள். ஜோடியாக வாங்கினால் "ரெண்டும் பெண்தான்" என்பதையும் டாக்டரிடம் காட்டிச் சரிபாருங்கள். சினைக்காலம் ஒரு மாதம்தான். குட்டி போட்ட அன்றே மறுபடி சினை பிடிக்கும்.

கடையில் வாங்கினால் பில் கேளுங்கள். 2018ல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி கடைக்கு மாநில விலங்கு நல வாரியப் பதிவு இருக்க வேண்டும். குட்டியின் காதுக்குள், மூக்கு நுனியில், கால்விரல் ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் அது சொறி. வைத்தியம் எளிது, ஆனால் வீட்டுக்குள் கொண்டுவரும் முன் டாக்டரிடம் போக வேண்டும்.

தூக்கும்போது காதைப் பிடிக்கவே கூடாது. விற்பவர் காதைப் பிடித்துத் தூக்கினால் தடுத்து நிறுத்துங்கள். ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்னங்காலுக்கடியில். பின்னங்கால் தாங்கல் இல்லாமல் உதைத்தால் அதன் முதுகெலும்பே உடையும்.

4. தரையில் உட்கார்ந்து வீட்டைப் பாருங்கள்

நின்றுகொண்டு பார்த்தால் எதுவும் தெரியாது. தரையில் உட்கார்ந்து, அப்புறம் குப்புறப் படுத்து, ஒவ்வொரு அறையாகப் பாருங்கள். ஒரு முழ உயரத்துக்குள் இருப்பதெல்லாம் முயலின் வாய்க்கு எட்டும்.

வயர்தான் முதல் எதிரி. மண்ணுக்குள் வளை தோண்டும் பிராணி, வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் வேரை வெட்டிவிட்டுப் போவது அதன் இயல்பு. வீட்டில் வேரின் இடத்தில் வயர் இருக்கிறது. கொறித்துக்கொண்டு உட்காராது. ஒரு கடி, சாய்வாகச் சுத்தமாகத் துண்டாகிவிடும், சத்தமே வராது. போன் சார்ஜர் வயர் போனால் நஷ்டத்தோடு போயிற்று. பிரிட்ஜ், டிவி, இன்வெர்ட்டர் வயர் என்றால் முயலின் உயிர்.

செய்ய வேண்டியது இதுதான். எலக்ட்ரிக்கல் கடையில் முக்கால் இஞ்ச் ஃப்ளெக்ஸிபிள் பைப் மீட்டர் கணக்கில் கிடைக்கும். கொஞ்சம் பணம்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பைப்பை நீளவாக்கில் கத்தியால் ஒரே கோடாகக் கீறுங்கள். வயரைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனால் உள்ளே போய்விடும். கீறின பக்கம் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும். ஒரு சாணுக்கு ஒரு கேபிள் டை போட்டு, மீதி வாலை ஒட்ட வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அதையும் தின்னும். சுவரோடு ஓடும் வயர்களுக்கு கேசிங் கேப்பிங் (வயரை மூடும் பிளாஸ்டிக் பட்டை) அடித்துவிடலாம். ஆணி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால் இரட்டைப் பக்க டேப். இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் இப்படிச் செய்து விட்டுவிட முடியாது. அவற்றை முயல் போகாத அறையில் வையுங்கள், அல்லது சுற்றிலும் பலகை அடையுங்கள். மெயின் போர்டில் ஆர்சிசிபி என்ற டிரிப் ஸ்விட்ச் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இல்லையென்றால் போடுவது உங்களுக்கும் நல்லது.

அடுப்பங்கரையை முழுசாக மூடிவிடுங்கள். இதில் விலக்கே இல்லை. காஸ் சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் ரப்பர் டியூப் முயலுக்கு இன்னொரு வேர், அவ்வளவுதான். அடுப்பங்கரைக்குக் கதவு இல்லாத வீடு என்றால் இரண்டரை அடி உயரத் தடுப்பு வையுங்கள். இரண்டடியைப் பெரிய முயல் தாண்டிவிடும்.

அப்புறம் விஷங்கள். எலிக் கேக், எலி பேஸ்ட், கரப்பான் சாக்பீஸ் கோடு, மூலையில் போட்ட பாச்சை உருண்டை எல்லாவற்றையும் முயல் வரும் முன்பே எடுத்துவிட்டுத் தரையைத் துடையுங்கள். போன வாடகைக்காரர் வைத்துவிட்டுப் போன எலிக் கேக் பீரோவுக்குப் பின்னால் கிடக்கலாம், நகர்த்திப் பாருங்கள். பால்கனிப் பூந்தொட்டியில் அரளி இருந்தால் வெளியே அனுப்புங்கள். மணி பிளாண்ட்டை உயரத்தில் தொங்கவிடுங்கள், உதிரும் இலையைப் பொறுக்கிவிடுங்கள். பினாயில் போட்டுத் துடைக்க வேண்டாம், வெறும் தண்ணீரே போதும். கொசுவர்த்திச் சுருளும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் அதன் மூச்சுக்கு ஆகாது. புகை போடும் நேரத்தில் முயலை வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள்.

பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் தலை நுழையும் அளவு இடம் இருந்தால் உடம்பும் நுழையும். மாட்டிக்கொண்டால் பீரோவை நகர்த்தித்தான் எடுக்க வேண்டும், அந்த நேரத்தில் அது நசுங்கலாம். அட்டைப்பெட்டிகளை மடித்து இறுக்கமாகச் செருகிவிடுங்கள். கட்டில் மெத்தையின் அடித்துணியைக் கிழித்து உள்ளே போய் உட்கார்வதும் உண்டு. பால்கனி கிரில்லுக்குக் கீழிருந்து இரண்டடிக்கு வலை கட்டுங்கள். பூனை வரும் வீடு என்றால் ராத்திரியில் பால்கனிக் கதவு சாத்தியே இருக்கட்டும். மொட்டைமாடியில் விடவே விடாதீர்கள்: பருந்து, நாய், சூடான தரை, மூன்றும் அங்கே உண்டு.

கதவு நிலையைக் கடிக்கிறது என்றால் மிளகாய்ப்பொடி தடவச் சொல்வார்கள். வேண்டாம், கண்ணில் பட்டால் அவஸ்தை. ஹார்டுவேர் கடையில் எல் வடிவ பிளாஸ்டிக் அல்லது அலுமினியப் பட்டை வாங்கி நிலையின் கீழ் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். காலி செய்யும்போது கழற்றிக்கொள்ளலாம்.

5. தரையில் பிடிமானம்

முயலின் பாதத்தில் நாய்க்கு இருப்பது மாதிரி மெத்தை கிடையாது, வெறும் ரோமம். பாலீஷ் போட்ட கிரானைட்டிலும் டைல்ஸிலும் வழுக்கும். வழுக்கினால் ஒரு மூலையிலேயே உட்கார்ந்துவிடும், "என் முயல் வெளியே வரமாட்டேங்குது" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். பழைய ஜமக்காளம், பருத்தி மிதியடி, யோகா மேட் எது இருந்தாலும் அது ஓடும் பாதையில் விரியுங்கள். சாக்குப் பை விரித்தால் ஓரத்து நூலைத் தினமும் பாருங்கள், பிரிந்த நூலை விழுங்கினால் குடலில் சிக்கும். கம்பி வலைத் தரையுள்ள கூண்டு வேண்டவே வேண்டாம், பாதம் புண்ணாகும்.

6. தொட்டிப் பழக்கம்

மூத்திரத்துக்கும் புழுக்கைக்கும் முயல் இயல்பாகவே ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்துப் போகும். நீங்கள் செய்ய வேண்டியது அந்த மூலையில் தொட்டியை வைப்பதுதான். நீங்கள் விரும்பும் மூலைக்கு அதைப் பழக்க முயன்றால் தோற்பீர்கள். முயல் முழுசாக உட்கார்ந்து திரும்பக்கூடிய அகலமான பிளாஸ்டிக் டப் வாங்குங்கள். அடியில் நாலைந்து மடிப்பு செய்தித்தாள், மேலே ராகித் தாள். நம் மாவட்டங்களில் அறுவடைக்குப் பிறகு ராகித் தாள் கேட்டால் கட்டாகவே கிடைக்கும், பூஞ்சணம் பிடிக்காததாகப் பார்த்து வாங்குங்கள். டப்பின் ஒரு ஓரத்தில் தின்னும் புல்லையும் வைத்துவிடுங்கள். தின்றுகொண்டே போவது அதன் வழக்கம்.

பூனைகளுக்கு விற்கும் கட்டிபிடிக்கும் மணலைப் போடாதீர்கள், தின்றால் வயிற்றுக்குள் கட்டியாகும். தென்னைநார்த் தூளும் அப்படித்தான் ஊதும். வெளியே புழுக்கை போட்டால் பொறுக்கித் தொட்டியில் போடுங்கள், மூத்திரம் போனால் டிஷ்யூவில் ஒற்றி அதையும் தொட்டியில் வையுங்கள். வாசனைதான் அதற்கு அடையாளம். திட்டுவது, மூக்கில் தட்டுவது எதற்கும் உதவாது. டப்பில் வெள்ளையாகப் படியும் உப்புக்கறை மளிகைக்கடை வெள்ளை வினிகரில் கால் மணி நேரம் ஊறினால் போய்விடும். தினமும் கொட்டினால் நாற்றம் வராது. கொட்டுவதைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

7. கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள்

முதல் வாரம் தடுப்புக்குள் மட்டும். நாலுக்கு நாலு அடி தடுப்பு போதும். ஆன்லைனில் கம்பித் தடுப்பு 2,000 ரூபாய்க்கு முன்னே பின்னே வருகிறது. ஹார்டுவேர் கடையில் வெல்டு மெஷ் வாங்கிச் சட்டம் அடித்தால் இன்னும் குறையும். உள்ளே தொட்டி, புல், தண்ணீர்ச் சட்டி, ஒளிந்துகொள்ள இரண்டு பக்கமும் ஓட்டை வெட்டிய அட்டைப்பெட்டி. தண்ணீருக்குக் கனமான மண் சட்டி வையுங்கள், கவிழாது, குளிர்ச்சியாகவும் இருக்கும்.

தொட்டியில் ஒழுங்காகப் போக ஆரம்பித்ததும் ஒரே ஒரு அறை. விடியற்காலையும் அந்தி நேரமும்தான் அது சுறுசுறுப்பாக இருக்கும், அந்த நேரத்தில் ஒரு மணி நேரம் நீங்களும் தரையில் உட்கார்ந்து பாருங்கள். அது உங்கள் மேல் ஏறி இறங்கும். கையை நீட்டித் தூக்காதீர்கள். எந்த வயரைத் தேடுகிறது, எந்த மூலையில் வாலைத் தூக்குகிறது என்று கவனியுங்கள். ஒரு வாரம் சேதம் இல்லாமல் போனால் நேரத்தைக் கூட்டுங்கள், அப்புறம் ஹால். தொட்டியை மறந்து கண்ட இடத்தில் போக ஆரம்பித்தால் இடத்தைக் கொடுத்தது அதிகம் என்று அர்த்தம், ஒரு படி பின்னால் வாருங்கள். பெரிய ஹாலுக்கு இரண்டாவது தொட்டியும் வேண்டும்.

நாலு மாதத்துக்கு மேல் எல்லாம் மாறும். ஆண் மூத்திரத்தைப் பீய்ச்சி அடிக்கும், காலைச் சுற்றி ஓடும். பெண் உறுமும், தரையைத் தோண்டும். தொட்டிப் பழக்கம் போய்விட்டதே என்று பலரும் முயலைக் கொடுத்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். கொடுக்காதீர்கள். வயதுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். 4 முதல் 6 மாதத்தில் கருத்தடை செய்தால் சில வாரங்களில் அடங்கும். பெண் முயலுக்கு இது இன்னும் அவசியம், செய்யாத பெண் முயல்களுக்கு வயதானால் கருப்பைப் புற்று மிக அதிகமாக வருகிறது. ஆணுக்குச் செய்த பிறகும் ஆறு வாரம் வரை பெண்ணோடு விடக் கூடாது, அதற்குள் சினையாக்கிவிடும். செலவு இடத்துக்கு இடம் ரொம்ப மாறுகிறது, தனியாரில் சில ஆயிரம் என்று ஒதுக்கி வையுங்கள். செய்த அன்று மாலையே தின்ன ஆரம்பிக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் வீட்டில் இல்லாதபோதும் ராத்திரியிலும், குறைந்தது ஒரு வயது வரை தடுப்புக்குள்தான்.

8. புல், புல், அப்புறம்தான் மற்றது

பல் வாழ்நாள் முழுக்க வளரும், தேய்வது புல்லால். குடல் ஓடுவதும் புல்லால். தின்பதில் ஐந்தில் நாலு பங்கு புல்லாக இருக்க வேண்டும். முயலுக்கென்று விற்கும் டிமோத்தி என்ற வெளிநாட்டுக் காய்ந்த புல் ஆன்லைனில் கிலோ சில நூறு ரூபாய், மாதாமாதம் கட்டுப்படியாகாது. நம் ஊரில் மாடு வைத்திருப்பவர் யாராவது பக்கத்தில் இருப்பார். கோ 4 தீவனப்புல்லும் அருகம்புல்லும் கட்டாக வாங்கி, மாடியில் நிழலில் இரண்டு மூன்று நாள் புரட்டிக் காயவைத்து எடுத்து வையுங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். சாலையோரப் புல் வேண்டாம், நாய் மூத்திரமும் பார்த்தீனியமும் கலந்திருக்கும். இளம் சோளப்பயிரும் வேண்டாம், அதன் விஷம் மாட்டுக்காரர்களுக்கே தெரியும். ராகித் தாள் கொறிக்க நல்லது, ஆனால் சத்து குறைவு, அதை மட்டுமே நம்ப முடியாது.

கீரையில் கொத்தமல்லி, புதினா, கொஞ்சம் முருங்கைக்கீரை கொடுக்கலாம். உழவர் சந்தையில் காலையில் வாங்கி, நன்றாக அலசி, தண்ணீர் வடிந்த பிறகு ஒரு கைப்பிடி. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் தக்காளிச் செடியைப் போட்டுவிடாதீர்கள், இலையும் தண்டும் ஆகாது. கேரட்டும் மாம்பழமும் சர்க்கரை, விரல்நுனி அளவு, எப்போதாவது. விருந்தாளிகள் பிஸ்கட், பொரி, சாதம் கொடுப்பார்கள். குழந்தைகளிடம் முன்கூட்டியே கொத்தமல்லியைக் கொடுத்து "இதை மட்டும் குடு கண்ணு" என்றால் இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

9. வெயிலும் கரண்ட் கட்டும்

முயலுக்கு வியர்க்காது. காது வழியாகத்தான் உடம்புச் சூடு வெளியேறும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் சிரமம் ஆரம்பம், தருமபுரி கோடை அதற்கெல்லாம் மேலே. ஓசூர்க்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. மேல் மாடி வீடு என்றால் மதியத்தில் எந்த அறை குறைவாகச் சுடுகிறது என்று பார்த்து அந்த அறையையே முயலுக்குக் கொடுங்கள். ஃபேன் மட்டும் போதாது. வியர்வை இல்லாத உடம்பை ஃபேன் காற்று பெரிதாகக் குளிர்விக்காது. ஜன்னலில் நனைத்த சாக்கு தொங்கவிடுங்கள். இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துத் துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், தானே வந்து சாய்ந்துகொள்ளும். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பாலீஷ் பட்டறைகளில் வெட்டிப்போட்ட துண்டு மலிவாகக் கிடைக்கும். ஒன்றரை அடித் துண்டு ஒன்றை நிழலில் போட்டால் மதியம் முழுக்க அதன்மேல்தான் படுத்திருக்கும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முதல்நாளே பேப்பரில் வந்துவிடும். கோடை மாதங்களில் அதைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டு, முதல்நாள் ராத்திரியே கூடுதலாக இரண்டு பாட்டிலை ஃப்ரீசரில் போடுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், மூக்கைச் சுற்றி ஈரமாக இருந்தால், காது சூடாகச் சிவந்திருந்தால் காதை சாதாரணத் தண்ணீரில் நனைத்துவிட்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. குளிப்பாட்டவும் கூடாது, எந்தக் காலத்திலும்.

தீபாவளிக்கும் மாரியம்மன் பண்டிகை மேளத்துக்கும் நடு அறையில், ஜன்னலைச் சாத்தி, ஒளியும் பெட்டியோடு விடுங்கள். பயத்திலேயே தீனி எடுக்காமல் போகும்.

10. தினமும் பார்க்க வேண்டியது

காலையில் தொட்டியைப் பாருங்கள். உருண்டையான, காய்ந்த, ஒரே அளவுப் புழுக்கை நூற்றுக்கணக்கில் இருந்தால் எல்லாம் சரி. அளவு சிறுத்தாலோ குறைந்தாலோ கவனம். சின்னத் திராட்சைக் கொத்து மாதிரி மினுமினுப்பாக ஒட்டிக்கொண்டு ஒன்று வரும். அதை முயல் ராத்திரியில் தானே தின்னும், அது இயல்பு. மூத்திரம் சில நாள் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ இருக்கும், தின்ற கீரையைப் பொறுத்தது. சிவப்போடு முக்கலும் இருந்தால் டாக்டர்.

10 முதல் 12 மணி நேரம் தின்னவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அது அவசரம்.

வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். டாக்டருக்கு அதைவிட உதவும் தாள் வேறு இல்லை. ஓபி சீட்டு, மருந்துச் சீட்டு, வாங்கின பில், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

மருந்து விஷயத்தில் இரண்டைக் கெட்டியாக நினைவில் வையுங்கள். ஃபிப்ரோனில் கலந்த நாய் உண்ணி மருந்து முயலுக்கு விஷம். மருந்துக்கடையில் "எல்லா பிராணிக்கும் போடலாம்" என்று கொடுத்தாலும் பெட்டியின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். வாய்வழி அமாக்ஸிசிலின் குடலில் உள்ள நல்ல கிருமியை அழித்துக் கொன்றுவிடும். எழுதிக் கொடுத்தால் "சார், முயலுக்கு இது ஒத்துக்குமா?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

11. ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கு மூன்று நாள் என்றாலும் தனியாகப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது. பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைவதைவிட, காலையும் மாலையும் வந்து பார்க்க ஒரு ஆளைப் பழக்குவது நல்லது. வருபவர் ஒருமுறை உங்கள் முன்னாலேயே தொட்டியைக் கொட்டி, புல் வைத்து, தண்ணீர் மாற்றிப் பார்க்கட்டும். பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். அதில் முயலின் எடை, எவ்வளவு புல், எந்தக் கீரை, டாக்டர் நம்பர், உங்கள் நம்பர், பெட்டி இருக்கும் இடம் இவ்வளவும் இருக்கட்டும். கடைசி வரியைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதுங்கள்: "காலையில் புழுக்கை இல்லையென்றால் எனக்குப் போன் செய்யும் முன் டாக்டருக்குப் போன் செய்யவும்."